பன்னிரண்டு முதலியாரும் ஒரு சர்வதேச மாநாடும்

சட்ட நூலகர்கள் முதன்முதலாகச் சங்கம் கூட்டியது எங்கே என்று கேட்டால் அமெரிக்கர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: 1906ஆம் ஆண்டு, றோட் ஐலன்ட் மாநிலம், நரகன்செற் பியர். கடற்கரை விடுதிகளுக்குப் பேர்போன ஊர். அயோவா மாநில நூலகத்து ஏ. ஜே. ஸ்மோல் முன்னின்று நடத்த, அமெரிக்கச் சட்ட நூலகர் சங்கம் அங்கே பிறந்தது. தொழில் மாநாட்டைக் கடற்காற்று வீசும் இடமாகப் பார்த்து வைக்கும் நல்ல பழக்கமும் கூடவே பிறந்தது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான அளவெட்டியில் இந்தக் கதை எடுபடாது. நாதஸ்வரத்துக்கு என். கே. பத்மநாதன், கவிதைக்கு மஹாகவி, உரைநடைக்கு அ. ந. கந்தசாமி என்று துறைக்கு ஒருவராகக் கொடுத்துவிட்டு, ‘இதிலும் எங்களுக்கு ஒரு பங்கு உண்டு’ என்று நாலாவது துறையில் போய் நிற்பதற்கு எங்களுக்கு வெட்கம் கிடையாது. எங்களைக் கேட்டால், அந்த மாநாடு இருநூறு வருடம் முந்தி யாழ்ப்பாணத்தில் கூடி முடிந்துவிட்டது. விடுதி இல்லை, கழுத்தில் தொங்கும் பெயர் அட்டை இல்லை, இலவசத் துணிப்பை இல்லை. ஆனால் கட்டுரை கொண்டுவந்தவர் ஐரோப்பியர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். திருத்தம் சொல்ல உள்ளூர்ப் பெரிய மனிதர் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கடைசியில் எல்லாரும் ஒப்பமிட்டார்கள். ஒரு சர்வதேச மாநாட்டுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? சாப்பாடு எப்படி என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

நடந்தது இதுதான். 1706இல் இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதி கொர்னேலிஸ் யொவான் சிமொன்ஸ். சட்டம் படித்தவர். சட்டம் படித்தவரை யாழ்ப்பாணத்துக்குப் பொறுப்பாக விட்டால் என்ன ஆகும்? நித்திரை போய்விடும். நீதிமன்றத்துக்கு வருகிறவர் எல்லாரும் ‘அது எங்கட வழமை’ என்கிறார்கள். எதிராளியும் ‘அதுதான் வழமை’ என்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். சாட்சிக்கு வந்த கிழவர் மூன்றாவது வழமை ஒன்றைச் சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விடுகிறார். சட்டப் புத்தகம் எங்கே என்று கேட்டால், ஊரில் நாலு கிழவர்களைக் கைகாட்டுகிறார்கள். தூசி தட்ட வேண்டிய அவசியமில்லாத நூலகம்தான். ஆனால் ஒவ்வொரு புத்தகமும் தன் சொந்தக்காரருக்குச் சாதகமாகத்தான் திறக்கும்.

ஆகவே சிமொன்ஸ், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸைப் பிடித்தார். ‘இந்த மலபார்க்காரரின் வழக்கங்களை எழுதித் தாரும்.’ எங்களை அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள்; அந்தப் பெயரால் வந்த தலையிடிக்குப் பிறகு வருகிறேன். ஐசாக்ஸ் அப்போது யாழ்ப்பாணத்தில் 37 வருடம் கழித்துவிட்டவர். 37 வருடம் இங்கே இருந்தவருக்கு, முதுசம், சீதனம், தேடியதேட்டம் மூன்றும் வேறு வேறு என்பதும், மூன்றுக்கும் தனித்தனியாகச் சண்டை பிடிக்கலாம் என்பதும் தெரியாமல் போகாது. பாட்டன் பூட்டன் வழியாக வந்தது முதுசம். பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுத்தது சீதனம். இருவரும் சேர்ந்து வாழ்ந்தபோது உழைத்தது தேடியதேட்டம். ஒரு வளவுக்குள் இந்த மூன்றும் கலந்து கிடந்தால், அந்தக் குடும்பத்துப் பிறக்கிராசி மாடிவீடு கட்டுவார்.

ஐசாக்ஸ் அளவெட்டிப் பக்கம் தகவல் திரட்ட வந்திருந்தால் எப்படிப் போயிருக்கும் என்று கற்பனை பண்ணிப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வெயிலில் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, சங்கடப் படலையில் நின்று கேட்கிறார்.

“ஐயா, உங்கட எல்லை எது?”

“என்ர பாட்டன் காலத்தில அந்தப் பூவரசுக்கு அங்கால.”

“பக்கத்து வளவுக்காரர் பூவரசுக்கு இங்கால எண்டு சொல்லுறாரே?”

“அவன் சொல்லுறதை எழுதாதேங்கோ துரை. நீங்கள் எழுத வந்தது வழமை. அது களவு.”

துரை எழுதுகிறார். அடுத்த படலைக்குப் போகிறார். அங்கேயும் அதே பூவரசு, அதே களவு, கள்ளனின் பெயர் மட்டும் வேறு. வருடத்துக்கொருமுறை வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு விரற்கடை தள்ளி நடுவது எங்கள் மண்ணின் நுண்கலை. முப்பது வருடத்தில் ஒரு முழம் நிலம் சத்தம் போடாமல் நகரும். ஐசாக்ஸின் தொகுப்பில் பக்கத்து வளவுக்குள் சாய்ந்த மரத்தின் பலன் யாருக்கு என்பது வரை விதி இருக்கிறது என்றால், அந்த மனுசன் எத்தனை படலையில் நின்றிருப்பார் என்று யோசியுங்கள்.

1707 தொடக்கத்தில் எழுதி முடித்தார். ஒல்லாந்த மொழியில். வாரிசு, சுவீகாரம், காணி தோட்டம், நன்கொடை, ஈடு, விற்பனை, கடன் என்று வரிசையாக. பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கிறவர்கள் மஞ்சள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதையும் சிரிக்காமல் எழுதி வைத்தார். இப்போது சிமொன்ஸுக்கு ஒரு நியாயமான சந்தேகம். திசாவை 37 வருடம் இருந்தார் சரி. ஊர்க்காரர் அவருக்கு உண்மைதான் சொன்னார்களா? யான் பீரஸ் என்ற மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழாக்கினார். பன்னிரண்டு முதலியார்களைக் கூப்பிட்டு அதைக் கையில் கொடுத்தார்கள். ‘வாசித்துப் பாருங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள்.’

இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் ஒத்த துறையினர் ஆய்வு என்று பெரிதாகப் பேசுவார்கள். இது அதுதான். பன்னிரண்டு ஆய்வாளர், ஒரு கட்டுரை. அந்தக் கூட்டத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையே என்று எனக்கு ஆதங்கம். முதலியார்மார் பலருடைய பெயருக்கு முன்னால் போர்த்துக்கேயர் விட்டுப்போன ‘டொன்’ இருந்தது. கைநாட்டு ஒல்லாந்தருக்கு, பட்டம் போர்த்துக்கேயருடையது, வயல் தமிழனுடையது, வேண்டுதல் பிள்ளையாருக்கு. இதைவிடச் சர்வதேசமான ஆட்களை எந்த மாநாட்டிலும் காண ஏலாது.

ஆய்ந்தார்கள், ஒப்பமிட்டார்கள். ஆனால் யார் ஆய்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு பேரும் காணிக்காரர், பதவிக்காரர், ஆண்கள். சீதனத்தைப் பற்றிய பகுதிக்கு ஒரு பெண்ணையும் கேட்கவில்லை. தொகுப்பில் அடிமைகளைப் பற்றி ஒரு தனி அதிகாரம் உண்டு. அதைச் சரிபார்க்க ஓர் அடிமையையும் கூப்பிடவில்லை. எசமான் சொன்னதே அடிமையின் வழமை ஆயிற்று. மாநாட்டுக்கு அழைக்கப்படாதவனைப் பற்றித் தீர்மானம் போடுவது அன்றிலிருந்து இன்றுவரை மாநாடுகளின் முதல் விதி. அந்த அதிகாரம் செல்லாமல் போக 1844இல் அடிமை முறையே ஒழிய வேண்டியிருந்தது. அதன் பிறகும் புத்தகத்தில் அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. நூலகர்கள் எதையும் எறிய மாட்டார்கள். சில சமயம் அதுவும் நல்லதுக்குத்தான். எறிந்திருந்தால், ‘எங்கட ஊரில அப்பிடியெல்லாம் இருக்கேல்லை’ என்று இன்றைக்குச் சொல்லியிருப்போம்.

பிரதிகள் நீதிமன்றங்களுக்குப் போயின. கையெழுத்துப் பிரதிகள்தான். இப்படிப் பிறந்தது தேசவழமை. ஒல்லாந்தர் எங்களுக்குச் சட்டம் கொடுத்தார்கள் என்று சிலர் சொல்வது பிழை. எங்கள் சட்டத்தை எங்களிடம் வாங்கி, கட்டுக்கட்டி, எங்களிடமே திருப்பித் தந்தார்கள். நல்ல நூலகர் செய்கிற வேலை இவ்வளவுதான்.

அடுத்த நூறு வருடம் சுவாரசியம் குறைவு. 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஒல்லாந்தக் கம்பனி போய் ஆங்கிலக் கம்பனி வந்தால் என்ன, கதியால் மாறாது.

ஆங்கிலேயரில் ஒருவர் மட்டும் இந்தக் கதைக்கு வேண்டியவர்: அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். மதுரையில் வளர்ந்த பிள்ளை. அங்கேயே தமிழும் பழகியவர். மதுரையில் வளர்ந்தவர் யாழ்ப்பாணத்துக்குச் சட்டம் பார்க்க வந்தது எங்கள் அதிர்ஷ்டம். அவருடைய முயற்சியால் ஐசாக்ஸின் தொகுப்பு ஆங்கிலமாகி, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் முழு வலுவுள்ள சட்டமாயிற்று. மனுசன் அதோடு நிற்கவில்லை. ஊர் ஊராக வழக்கங்களையும் ஏடுகளையும் திரட்டித் திரட்டி, 1823இல் இலண்டனில் அரச ஆசியக் கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். கவனித்தீர்களா? 1706, 1806, 1906. நூறு வருடத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கூட்டியிருக்கிறார். 2006இல் எங்கள் பக்கம் யாரும் கூட்டவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதையை அந்த வருடம் யுத்தத்தில் பூட்டி வைத்திருந்தார்கள்.

இனி அந்த ‘மலபார்’ தலையிடி. 1806 பிரமாணம் யாழ்ப்பாண மாகாணத்து மலபார் வாசிகளுக்கு இந்தச் சட்டம் என்றது. ‘வாசி’ என்றால் யார்? கொழும்பில் கடை வைத்திருக்கிற யாழ்ப்பாணத்தான் வாசியா இல்லையா? கோயில் திருவிழாவுக்கு மட்டும் வருகிறவர்? இதற்கு விடை தேடி நீதிமன்றங்கள் நூறு வருடத்துக்கு மேல் வாதாடின. 1913இல் ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம் வழக்கில், இது தமிழர் எங்கிருந்தாலும் ஒட்டிக்கொண்டு வருகிற சட்டம் அல்ல, யாழ்ப்பாண வாசிகளுக்கானது என்று சொன்னார்கள். நியூ லோ றிப்போட்ஸ் 16ஆம் தொகுதி. ஊரில் பழைய அப்புக்காத்துமாருக்குத் தொகுதி இலக்கம், பக்க இலக்கம் எல்லாம் வாய்ப்பாடு. பிள்ளைகளின் பிறந்தநாள்தான் மறந்துபோகும்.

தேசவழமையில் விடை இல்லாத இடத்தில் வேறொரு விருந்தாளி உள்ளே வருவார்: உரோம ஒல்லாந்தச் சட்டம். அதை ஒல்லாந்து தேசமே 1809இல் நெப்போலியன் காலத்தில் கைவிட்டுவிட்டது. நாங்களும் தென்னாபிரிக்கா முதலிய சில நாடுகளும்தான் இன்னும் வைத்திருக்கிறோம். பழைய வீட்டுக்காரர் எறிந்துவிட்டுப்போன கதிரையில் குடியிருப்பவர்கள் சௌகரியமாக உட்கார்ந்திருப்பது மாதிரி. மல்லாகம் நீதிமன்றத்தில் ஒரு கிணற்று வழக்கு நடக்கிறது என்று வையுங்கள். அளவெட்டியில் இருந்து இரண்டு பேரும் சைக்கிளில்தான் போயிருக்கிறார்கள். அதுவும் ஒரே ஒழுங்கையால், ஒருவரையொருவர் பாராமல். உள்ளே போனால் அவர்களுடைய கிணற்றுக்கு அதிகாரமாக எடுத்துக் காட்டப்படுவது லெய்டன் பேராசிரியர் யொஹான்னஸ் வூட் இலத்தீனில் எழுதிய உரை. அதைத் தென்னாபிரிக்காவில் பெர்சிவல் கேன் என்பவர் 1950களில் ஆங்கிலமாக்கினார். அந்தத் தொகுதிகள் டேர்பனில் அச்சாகிக் கப்பலேறிக் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற அல்ஸ்டோர்ப்புக்கு வந்தன. அல்ஸ்டோர்ப் என்பதே ஓர் ஒல்லாந்தத் தளபதியின் பெயரால் வந்தது. கொழும்பு முற்றுகையில் செத்தவர். ரோமாபுரி, லெய்டன், டேர்பன், அல்ஸ்டோர்ப், மல்லாகம். இவ்வளவு தூரம் சுற்றி வந்த சட்டம் கடைசியில் தீர்க்க வேண்டியது, வாளியை யார் முதலில் இறக்குவது என்பதை.

சர்வதேச ஒத்துழைப்பு என்று மேடையில் சொல்கிறபோது எனக்கு இந்த வாளிதான் கண்ணுக்குள் வரும்.

1959இல் இரண்டு காரியம் நடந்தது. நியூயோர்க்கில் சர்வதேசச் சட்ட நூலகங்களின் சங்கம் தொடங்கியது. முதல் தலைவர் வில்லியம் றோல்ப். அதே வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் புதுக் கட்டடம் திறந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை; ஆனால் எங்கள் பக்கத்துக் கூட்டமும் குறைந்ததல்ல. கட்டடம் வரைந்தவர் சென்னையிலிருந்து வந்த நரசிம்மன். ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். நியூயோர்க்காரர் சட்டத்துக்கு நூலகம் வைத்துக்கொண்டிருந்த வேளையில், இவர் நூலகத்துக்கே ஐந்து சட்டம் எழுதி முடித்து 28 வருடமாகியிருந்தது. ‘நூல் பயன்படுவதற்கே’ என்பது முதலாவது. அதற்கு எதிர்மாறான சட்டம் ஒன்றை 1981இல் எழுதினார்கள். மே 31 இரவு யாழ்ப்பாண நூலகத்தில் தொடங்கிய நெருப்பில் ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின. அதை நடத்தியவர்கள் சீருடையில் வந்தவர்கள். பகிடி எழுதுகிறவனுக்கும் அந்த இடத்தில் ஒன்றும் எழுத வராது. அடுத்த பந்திக்குப் போகிறேன்.

நெருப்புக்குப் பிறகு எங்கள் சட்ட நூலகம் வீட்டுக்குள் வந்துவிட்டது. உண்மையில் அது முன்பே அங்கேதான் இருந்தது. றங்குப் பெட்டி. அளவெட்டியில் கட்டிலுக்குக் கீழே ஒரு றங்குப் பெட்டி இல்லாத வீடு வீடல்ல. மேலே கூறைச் சேலை, அதற்குக் கீழே பூச்சி உருண்டை, அதற்கும் கீழே பிளாஸ்ரிக் பையில் சுற்றிய காணி உறுதிகள். பிறப்புப் பதிவு, சாதகம், சீதன உறுதி, ஈட்டு உறுதி, ‘மீண்ட ஈடு’ என்று நொத்தாரிசு குறுக்கே எழுதிக் கொடுத்த கடுதாசி. உறுதியைத் திறந்து படித்தால் சங்க இலக்கியம் இலேசு. எத்தனை பரப்பு, எத்தனை குழி. பரப்புக்கு 18 குழி. கிழக்கே ஒழுங்கை, வடக்கே செத்துப்போன ஒருவரின் உரிமைக்காரர். கடைசியில் கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் உள்ள பங்கு. நூலகர் அம்மம்மா. இரவல் கிடையாது, வாசிப்பதென்றால் அவ முன்னால், கை கழுவிவிட்டு. இரங்கநாதனின் முதற்சட்டத்தை அவ ஒருபோதும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டா.

1995 ஒக்டோபர் 30. யுத்தம் நெருங்க, வலிகாமம் முழுக்க ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஆள்மேல் ஆள். அந்த நெரிசலில் தலையில் இருந்தவற்றை எண்ணிப் பார்த்தால், அரிசிக்கு அடுத்ததாக உறுதிகள்தான். இத்தனை ஆயிரம் சட்ட நூலகர்கள் ஒரே பாதையில், ஒரே இரவில் கூடியது உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஆனால் அன்றைக்கு யாரும் கட்டுரை வாசிக்கவில்லை.

இதெல்லாம் தெரியாமல், 1959இல் தொடங்கிய அந்தச் சர்வதேசச் சங்கம் வருடாவருடம் கூடிக்கொண்டிருந்தது. அவர்கள் தங்கள் கூட்டத்தை மாநாடு என்பதில்லை, வருடாந்தப் பாடநெறி என்கிறார்கள். கெட்டிக்காரர்கள். மாநாட்டுக்கு என்றால் மேலதிகாரி லீவு தர யோசிப்பார். படிக்கப் போகிறேன் என்றால் எந்த வாயால் மறுப்பார்? 2007இல் மும்பைக்கும் 2011இல் கோலாலம்பூருக்கும் வந்தார்கள். எங்களைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள்; பலாலி விமான நிலையத்தில் இறங்கவில்லை. 2010இல் ஹேக் நகரில் கூடினார்கள். அதே நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில்தான் ஐசாக்ஸுக்குச் சம்பளம் கொடுத்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கடுதாசிகள் ஒரு கிலோமீற்றருக்கு மேல் அடுக்கில் இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நெதர்லாந்து, இந்தியா, இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, இலங்கை ஐந்தும் சேர்ந்து கேட்டதால் கிடைத்தது. கொள்ளையடித்த கம்பனியின் கணக்குப் புத்தகத்தைப் பாதுகாக்கக் கொள்ளை போனவர்களும் கைச்சாத்திட்டார்கள். சரிதானே, கணக்கு வேண்டுமே.

2005இல் எங்கள் ஆட்களே ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். எரிக்க முடியாத அலுமாரி வேண்டும் என்ற யோசனைக்கு யாழ்ப்பாணத்தான் வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தேசவழமையைப் படிக்கிறவர்கள் கட்டாயம் தொடுகிற புத்தகங்களில் ஒன்று 1862இல் எச். எப். முத்துக்கிருஷ்ணா வெளியிட்டது, தீர்ப்புகளையும் சேர்த்துக் கட்டியது. மற்றது 1950இல் எச். டபிள்யூ. தம்பையா எழுதியது. தம்பையா பிறகு உயர் நீதிமன்ற நீதியரசரானார். அதற்குப் பிறகு கனடாவுக்கு இலங்கையின் உயர் ஸ்தானிகராகப் போனார். என்ன தீர்க்கதரிசனம் பாருங்கள். கட்சிக்காரர்கள் எல்லாரும் பின்னால் வந்து சேருவார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

வந்து சேர்ந்தார்கள். எங்கள் குடும்பத்தையே எடுங்கள். அம்மாவின் முதுசக் காணி, மூன்று பரப்பும் ஒன்பது குழியும், ஒரு கிணற்றில் எட்டில் ஒரு பங்கும். உரித்தாளிகள் ரொறன்ரோவில் ஒருவர், பாரிஸில் ஒருவர், மெல்போர்னில் ஒருவர், அளவெட்டியில் நான். விற்பதென்றால் பங்காளிகளுக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும்; 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம். ஐசாக்ஸ் காலத்தில் உரித்தாளி இருக்கிற தூரத்தைப் பார்த்து அவகாசம் கொடுத்தார்கள். ரொறன்ரோவுக்கு எத்தனை நாள் என்று அவர் எழுதவில்லை. ஆகவே வட்ஸப்பில் ‘கிணத்தடி வளவு’ என்று ஒரு குழு தொடங்கி, வீடியோவில் கூட்டம் வைத்தோம். ரொறன்ரோவில் விடியப்புறம், பாரிஸில் மத்தியானம், மெல்போர்னில் இராச்சாப்பாடு, அளவெட்டியில் கரண்ட் இல்லை.

ரொறன்ரோ அண்ணர் சொன்னார், “வித்துப்போடுங்கோ, ஆர் இனி வந்து இருக்கப் போயினம்?”

பாரிஸ் அக்கா அழுதா. “அம்மா மிளகாய் நட்ட இடமடா.”

“அம்மா அங்க ஒருநாளும் மிளகாய் நடேல்லை அக்கா. அது பக்கத்து வளவு.”

“கதியாலை அவையள்தான் தள்ளினவை. அது எங்கட வளவுதான்.”

மெல்போர்ன் தம்பி சட்டம் படித்தவன். அவன் இடையில் வந்து பெரிய குண்டைப் போட்டான். 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தக் காணியையே புருசனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க ஏலாது. காணி அக்காவுக்கு வந்தது அம்மாவால். அத்தானின் ஒரு சதமும் அதில் இல்லை. ஆனால் கையெழுத்து அத்தானுடையது வேண்டும்.

“அந்தாள் என்னோட கதைக்கிறதே இல்லை” என்றா அக்கா. “இதை எழுதினது ஆர்?”

யாரும் வாய் திறக்கவில்லை. பேசித் தீர்ப்போம் என்று அண்ணர் அத்தானையும் குழுவில் சேர்த்தார். அத்தான் பெயருக்குக் கீழே இரண்டு நீலச் சரி விழுந்தது, அதற்கடுத்து ஒரே ஒரு வரி: அவர் குழுவிலிருந்து வெளியேறினார்.